மேலே வந்த பிறகு வந்த மயக்கம்: ஆழ முக்குளிப்புப் போட்டியில் ஒரு மரணம்

காற்றுக் கலன் இல்லாமல், ஒரே மூச்சை அடக்கி இறங்கி ஏறும் ஆழ முக்குளிப்புப் போட்டியை முதன்முறை பார்க்கிறவர் ஒரு காட்சியில் அதிர்ந்துபோவார். ஒரு வீரர் மேலே வருகிறார், கண் செருகுகிறது, தலை தண்ணீருக்குள் சாய்கிறது. பக்கத்திலிருக்கும் இருவர் அவரைத் தாங்கிப் பிடித்து, முகத்தில் ஊதி, கன்னத்தில் தட்டி, பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பத்து நொடியில் விழித்துக்கொண்டு, என்ன ஆச்சு என்று அவரே கேட்கிறார். முயற்சி செல்லாது என்று நடுவர் சிவப்பு அட்டை காட்டுகிறார். அப்புறம் அடுத்த ஆளுக்கான நேரக் கணக்கு தொடங்கிவிடும். சுற்றியிருப்பவர்கள் முகத்தில் பெரிய கலவரம் தெரியாது.

பல ஆண்டுப் பயிற்சி தந்த நிதானம் அது. மயக்கம் வரும், வந்தால் என்ன செய்வது என்று எல்லோருக்கும் தெரியும், செய்தால் ஆள் எழுந்துவிடுவார். இந்த நம்பிக்கை சரியானதுதான், ஒரு நிபந்தனையோடு: மயக்கத்துக்குக் காரணம் மூளையில் ஆக்சிஜன் குறைந்தது மட்டுமாக இருக்க வேண்டும். 2013 நவம்பர் 17 அன்று பஹாமாஸில் அந்த நிபந்தனை பொய்த்தது. நடந்தது வெளிப்படையாகப் பதிவாகியிருக்கிறது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் இங்கே தேவையில்லை என்பதால் வீரர், மருத்துவர், நடுவர் என்றே எழுதுகிறேன்.

## இடமும் போட்டியும்

பஹாமாஸின் லாங் ஐலண்ட் தீவில் டீன்ஸ் புளூ ஹோல் என்றொரு கடல் குழி உண்டு. ஆழம் 202 மீட்டர். மூன்று பக்கமும் சுண்ணாம்புப் பாறை, ஒரு பக்கம் வெள்ளை மணல்கரை. கரையிலிருந்து முழங்கால் அளவு தண்ணீரில் நடந்துகொண்டே இருப்போம், அடுத்த அடியில் தரையே இருக்காது. அலையும் நீரோட்டமும் மிகக் குறைவு. ஆழம் பார்க்க வருகிறவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் உலகில் அதிகம் கிடையாது. இங்கே நடக்கும் வெர்டிகல் புளூ போட்டிக்கு உலகின் முன்னணி வீரர்கள் வருவார்கள். போட்டி ஐடா என்ற சர்வதேச அமைப்பின் விதிகளின்படி நடந்தது. 1992-ல் தொடங்கிய அமைப்பு அது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு ஆழம் போகப் போகிறேன் என்பதை வீரர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அந்த ஆழத்துக்கு ஒரு கயிறு இறக்கி, நுனியில் ஒரு தட்டைக் கட்டியிருப்பார்கள். தட்டில் மாட்டியிருக்கும் சிறு டேகை, அதாவது அடையாளச் சீட்டை, எடுத்துக்கொண்டு மேலே வர வேண்டும். வீரரின் உடலுக்கும் கயிற்றுக்கும் நடுவே லேன்யார்டு என்ற இணைப்பு இருக்கும். கீழே அவர் மயங்கினாலும் கயிற்றை விட்டு விலகிப் போய்விட மாட்டார். எதிர் எடையை விடுவித்தால் கயிறு முழுவதும் ஆளோடு மேலே வந்துவிடும். நீரில் மிதக்கும் மேடையில் ஒருவர், ஒலியலையால் ஆழம் காட்டும் சோனார் கருவியின் திரையைப் பார்த்து ஆழத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். பாதுகாப்பு முக்குளிப்பாளர்கள், இந்த விளையாட்டு வட்டாரத்தில் சொல்வதுபோல் சேஃப்டி டைவர்கள், தாங்களும் மூச்சடக்கி இறங்கி, மேலே வரும் வீரரை 30 மீட்டர் வாக்கில் சந்தித்து, கூடவே நீந்தி வருவார்கள்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்திலும் ஒருவர் கல்லைப் பிடித்து இறங்க, இன்னொருவர் படகில் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். கயிறு அசைந்தால் இழுத்துவிட வேண்டும். அந்தக் கயிறு மச்சான் கையில்தான் இருக்கும், அக்காளோ தங்கையோ விதவையாகிவிடக் கூடாதே என்று விடாமல் பார்த்துக்கொள்வான் என்று தூத்துக்குடிப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. மச்சானின் வேலையை இன்று சோனாரும் எதிர் எடையும் நாலைந்து சேஃப்டி டைவர்களும் பகிர்ந்துகொள்கிறார்கள். முத்துக்குளிப்பில் ஆழம் பெரும்பாலும் பத்து இருபது மீட்டருக்குள் முடிந்துவிடும் என்பது பெரிய வேறுபாடு. இந்த நிகழ்வின் கதையே அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

## மேலே வந்ததும் நடக்கும் சோதனை

வீரரின் தலை தண்ணீருக்கு மேலே வந்த கணத்திலிருந்து 15 நொடி. அதற்குள் முகத்தில் இருக்கும் கண்ணாடி, மூக்கு கிளிப் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், கையால் ஓகே காட்ட வேண்டும், "ஐ ஆம் ஓகே" என்று ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதே வரிசையில், வேறெதையும் நடுவில் செருகாமல். வரிசை மாறினால் சிவப்பு அட்டை. வாயும் மூக்கும் மறுபடி நீரில் முங்கினாலும் சிவப்பு. எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் நடுவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

வெளியாளுக்கு இது கெடுபிடியாகத் தெரியலாம். காரணம் இருக்கிறது. மயக்கங்களில் பெரும்பாலானவை கடைசிப் பத்து மீட்டரிலோ, மேலே வந்து முதல் மூச்சு இழுத்த பிறகோதான் வருகின்றன. பத்து மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது சுற்றியுள்ள அழுத்தம் பாதியாகிறது, நுரையீரலில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தமும் பாதியாகிவிடுகிறது. புது மூச்சில் வந்த ஆக்சிஜன் இரத்தத்தில் ஏறி மூளைக்குப் போய்ச் சேரச் சில நொடி ஆகும். அந்த இடைவெளியில் ஆள் சாய்ந்துவிடலாம், அல்லது கைகால் உதறி, தலை ஆடி, பேச்சு குழறலாம். அந்த உதறலுக்கு வட்டாரத்தில் சாம்பா என்று கேலிப் பெயர்.

ஆக, 15 நொடிச் சோதனை மூளைக்கு வைக்கும் பரீட்சை. குடித்தவரைக் கோட்டின் மேல் நடக்கச் சொல்வதுபோல, மூன்று எளிய காரியங்களை வரிசையாகச் செய்யச் சொல்லிப் பார்ப்பது. அந்த வேலையை அது மிக நன்றாகவே செய்கிறது. ஆனால் நுரையீரலைப் பற்றி அது ஒன்றும் கேட்பதில்லை.

## வீரர்

வயது 32, அமெரிக்கர். போட்டிகளில் கலந்துகொள்ளத் தொடங்கி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அந்தக் குறுகிய காலத்தில் அவர் ஏறிய வேகம் யாரையும் திரும்பிப் பார்க்க வைக்கும். 2013 மே மாதம் ஹோண்டுராஸில் மோனோஃபின் என்ற, இரு காலுக்கும் சேர்ந்த ஒற்றைத் துடுப்பைக் கட்டிக்கொண்டு 100 மீட்டர் தொட்டு, அந்த ஆழத்தைத் தன் முயற்சியால் தொட்ட முதல் அமெரிக்கர் ஆனார்.

இந்த விளையாட்டில் ஆழம் கூடுவதற்கு உடல் பழக வேண்டும். நெஞ்சுக்கூடும் உதரவிதானமும் நெகிழ வேண்டும், காதில் அழுத்தம் சமன்செய்யும் வித்தை கைவர வேண்டும். அனுபவசாலிகள் இதற்கு ஆண்டுக்கணக்கில் நேரம் கொடுக்கிறார்கள். திறமையும் மன உறுதியும் அதிகம் உள்ளவருக்கு ஒரு சிக்கல் உண்டு: உடல் பழகும் முன்பே அவரால் அந்த ஆழத்தைத் தொட்டுவிட முடியும். இந்த வீரர் அப்படிப்பட்டவர் என்றே பதிவுகளைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது. அவருக்கே அது தெரியாமலும் இல்லை. எண்கள் ஒரு வைரஸைப் போலத் தலைக்குள் புகுந்துவிட்டன, சாதிக்க வேண்டும் என்பது வெறியாகிவிட்டது, வெறி ஆளைக் கொல்லக்கூடியது என்ற பொருளில் அவரே முன்னதாக எழுதியிருந்தார்.

நுரையீரல் நசுங்கல் அவருக்குப் புதிது அல்ல. ஆங்கிலப் பெயரில் ஸ்க்வீஸ் என்பார்கள். ஆழத்தில் நுரையீரலின் நுண் இரத்தக்குழாய்கள் கசிந்து, மேலே வந்ததும் இருமலும் எச்சிலில் இரத்தமும் வரும். அந்தக் காலத்தில் வட்டாரத்தில் இதை எப்படிப் பார்த்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஓட்டக்காரர் தசைப்பிடிப்பைப் பேசுவதுபோலப் பலர் பேசினார்கள். கொஞ்சம் இரத்தம் துப்பினேன், ரெண்டு நாள் ஓய்வு, சரியாகிவிட்டது என்கிற அளவில். மயக்கத்துக்கு விதி இருந்தது, அட்டை இருந்தது, நடைமுறை இருந்தது. இரத்தம் துப்புவது பெரும்பாலும் வீரருக்கும் அவர் மனசாட்சிக்கும் இடையிலான விஷயமாக இருந்தது.

## இரண்டு நாள் முன்பு

நவம்பர் 15, வெள்ளிக்கிழமை. கயிற்றைக் கையால் பிடித்து இழுத்தே இறங்கி ஏறும் பிரிவில் 90 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தை அறிவித்திருந்தார். 80 மீட்டர் வாக்கில் திரும்பிவிட்டார். மேலே வந்தவருக்குத் தன் மீதே கடும் ஆத்திரம்.

80 மீட்டரில் திரும்பியது நல்ல முடிவு. காது சமனாகவில்லை என்றாலும் நெஞ்சு சரியில்லை என்றாலும் திரும்பத்தான் வேண்டும். அதே சமயம், 80 மீட்டர் என்பதே நுரையீரலுக்குப் பெரிய சுமை. அட்டையில் அது தோல்வியடைந்த டைவ். நுரையீரலுக்கோ அது 80 மீட்டர் டைவ்தான், எண்ணிக்கையில் ஒன்றும் குறையவில்லை. முடிவுப் பட்டியலைப் பார்க்கிறவர்களுக்கு இது எளிதில் மறந்துபோகும்.

ஒரு நாள் இடைவெளி. ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் அறிவித்தது 72 மீட்டர், துடுப்பு எதுவும் இல்லாமல், வெறும் கைகாலால் நீந்தி. அமெரிக்க தேசிய சாதனைக்கான முயற்சி. இறங்குவதைத் தடுக்கும் விதி எதுவும் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை அறிவித்த எண்ணைவிட 72 குறைவு என்பதால் பார்க்கிறவர்களுக்கு இது எளிதான டைவ் போலக்கூடத் தெரிந்திருக்கும். உண்மையில் துடுப்பில்லாப் பிரிவுதான் எல்லாவற்றிலும் கடினம். உடலின் பெரிய தசைகள் எல்லாம் வேலை செய்யும், ஆக்சிஜன் வேகமாகத் தீரும். கயிற்றை இழுத்து ஏறும் 80 மீட்டரோடு இதை ஒரே அளவுகோலில் வைக்க முடியாது.

## நவம்பர் 17: 3 நிமிடம் 38 நொடி

இறங்கியது சீராகவே இருந்தது. மேடையில் சோனார் பார்ப்பவர் ஆழத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். 68 மீட்டரில் வீரர் நின்றார். திரும்புகிறார் என்றே மேலே இருந்தவர்கள் நினைத்தார்கள். தட்டு இன்னும் நான்கு மீட்டர் கீழே இருந்தது.

அவர் திரும்பவில்லை. மறுபடி கீழே போனார், 72 மீட்டரை எட்டினார், அப்புறம்தான் ஏறத் தொடங்கினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தலைகீழாக இறங்குகிறவருக்குக் காது சமனாகவில்லை என்றால் நிமிர்ந்து, தலை மேலாக இருந்து, வாயில் காற்றை ஏற்றி மறுபடி முயன்று பார்ப்பது வழக்கத்தில் உண்டு. அதனால் 68 மீட்டரில் நின்றதே அபாயச் செய்தி என்று மேலே இருந்து யாரும் முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் அந்த ஆழத்தில் நெஞ்சு எந்த நிலையில் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். மேலே 6 லிட்டர் காற்று நிரப்பிப் போனவரின் நுரையீரல் 30 மீட்டரில் ஒன்றரை லிட்டராகச் சுருங்கிவிடும். முழுக்க மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் மிச்சமிருக்கும் அளவு ஏறத்தாழ அவ்வளவுதான். அதற்குக் கீழே போகப் போக நெஞ்சுக்கூடு மேலும் சுருங்க இடமில்லாமல், அந்த வெற்றிடத்தை ஈடுகட்ட இரத்தம் நெஞ்சுக்குள் பாய்கிறது. 72 மீட்டரில் 8.2 மடங்கு அழுத்தம். 6 லிட்டர் முக்கால் லிட்டருக்குக் கீழே வந்திருக்கும். நுண்குழாய்கள் இரத்தத்தால் விம்மி நிற்கும் அந்த நேரத்தில் சட்டென்று புரள்வது, கையை நீட்டி எட்டுவது, மூச்சுக்காக உதரவிதானம் துடிப்பது, காதுக்குக் காற்றெடுக்க நெஞ்சை இறுக்குவது எல்லாமே அந்தச் சுவர்களைக் கிழிக்கக்கூடியவை. நின்று, நிமிர்ந்து, மறுபடி இறங்கியதில் இவற்றில் பலவும் சேர்ந்தே நடந்திருக்கும்.

மேடையில் இருந்தவர்களால் அப்போது என்ன செய்ய முடியும்? சேஃப்டி டைவர்கள் 68 மீட்டருக்குப் போக முடியாது. எதிர் எடையை விடுவிக்கலாம். ஆனால் அது அசைவற்றவரையோ கயிற்றில் சிக்கியவரையோ மீட்க வைத்திருக்கும் ஏற்பாடு. தானாக நீந்திக்கொண்டிருப்பவரை வலிந்து இழுத்தால் வேறு காயம் உண்டாகலாம். அவர் ஏறிக்கொண்டிருந்தார், வழக்கமான ஆழத்தில் சேஃப்டி டைவர்கள் சந்தித்தார்கள். காத்திருப்பது என்ற முடிவில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் தெரியவில்லை.

## மேற்பரப்பில்

3 நிமிடம் 38 நொடி கழித்துத் தன் சக்தியிலேயே மேலே வந்தார், சுயநினைவோடு. முகத்திலிருந்ததைக் கழற்றினார். கையால் ஓகே காட்டினார். மூன்றாவதாகச் சொல்ல வேண்டிய வார்த்தைகள் வரவில்லை, குழறின. சோதனையில் தோல்வி.

இதுவரை நடந்தது எந்தப் போட்டி நாளிலும் நடக்கக்கூடியதுதான். சற்று நேரத்தில் அவர் பின்னால் சாய்ந்து நினைவிழந்தார். சேஃப்டி டைவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். முதலில் இது வழக்கமான மயக்கமாகவே தெரிந்தது. தாங்கிப் பிடி, மூச்சுப்பாதையைக் காப்பாற்று, ஊது, தட்டு, கூப்பிடு. அவர்கள் கற்றுக்கொண்டதும் ஆயிரம் முறை வேலை செய்ததும் இதுதான்.

அவர் விழிக்கவில்லை. வாயிலிருந்து இரத்தம் வந்தது.

## மேடையில் எடுத்த முடிவுகள்

அவரை மேடை மீது ஏற்றினார்கள். போட்டி மருத்துவர் அங்கேயே இருந்தார். இரத்தம் வெளியேற உடலை ஒருக்களிக்க வேண்டும், இதயத்தை அழுத்த வேண்டுமானால் மல்லாத்த வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் முடியாது. செயற்கைச் சுவாசம் கொடுத்தாலும், நீரும் இரத்தமும் கோத்த நுரையீரலில் காற்று போகும், ஆக்சிஜன் இரத்தத்துக்குள் நுழையாது. சாதாரண மயக்கத்தில் ஓரிரண்டு ஊதலில் ஆள் எழுவதற்குக் காரணம் நுரையீரல் பழுதில்லாமல் இருப்பது. இங்கே அதுதான் இல்லை.

நாடித்துடிப்பு நலிந்தபோது இதய அழுத்தம் தொடங்கினார்கள், அட்ரினலின் ஊசி போட்டார்கள். பிறகு வண்டியில் ஏற்றித் தீவின் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள், அங்கும் முயற்சி தொடர்ந்தது. சுமார் ஒன்றரை மணி நேரப் போராட்டம். மதியம் 1.44-க்கு இறந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

மேடையிலேயே வைத்து முயல்வதா, உடனே கொண்டுபோவதா என்ற கேள்வியைப் பின்னாளில் பலர் எழுப்பினார்கள். சிறிய தீவு அது. பெரிய மருத்துவமனையும் தீவிர சிகிச்சைப் பிரிவும் வேண்டுமென்றால் விமானம் ஏற வேண்டும். அந்த அளவு சேதமடைந்த நுரையீரலோடு எந்த ஊரில் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. இரத்தத்தை உறிஞ்சி எடுக்கும் கருவி, மூச்சுக்குழாய் செருகும் வசதி, ஓட்டுநரோடு தயாராக நிற்கும் வண்டி ஆகியவை ஆழப் போட்டி மேடையில் இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு அந்த உறுதி தேவையும் இல்லை.

## காரணம்

நுரையீரலில் நீரும் இரத்தமும் கோத்ததே இறப்புக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. மயக்கம் அதன் விளைவு. வெளியிலிருந்து பார்க்க வழக்கமான மயக்கமும் இதுவும் ஒன்றேபோல இருந்தன. மேலே வருகிறார், குழறுகிறார், சாய்கிறார்.

வித்தியாசம் எங்கே தெரிந்திருக்கலாம்? நேரத்தில் ஒரு தடயம் உண்டு. முதல் மூச்சு இழுத்த பிறகு ஆள் நொடிக்கு நொடி தெளிவாக வேண்டும். மூச்சு இழுக்க இழுக்க மங்கிக்கொண்டே போனால், உள்ளே போகும் காற்று பயன்படவில்லை என்று அர்த்தம். ஆனால் இதைக் கரையில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். தண்ணீரில் ஒருவரைத் தாங்கிப் பிடித்திருப்பவர் அந்த அரை நிமிடத்தில் இதைப் பிரித்தறிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மேற்பரப்பில் கண்டுபிடிக்க முயல்வதே தாமதம்தான். வெள்ளிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவே ஒரு முழு நாள் இருந்தது. கண்டுபிடிக்க வேண்டிய நேரம் அது.

## அதன்பின்

அன்றைய போட்டி அத்தோடு நின்றது. ஐடா போட்டிகளின் வரலாற்றில் அதுதான் முதல் மரணம். அதற்கு முன் இருபதாண்டுகளுக்கு மேலாக நடந்த போட்டிகளில் சுமார் 35,000 டைவ்கள் ஒரு மரணமும் இல்லாமல் முடிந்திருந்தன. இந்த எண் அப்போது அடிக்கடி மேற்கோள் காட்டப்பட்டது, விளையாட்டு பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாக. என் பார்வையில் அந்த எண் மயக்கத்துக்கான ஏற்பாடு எவ்வளவு நல்லது என்பதற்குச் சான்று. லேன்யார்டு, சோனார், எதிர் எடை, கூடவே வரும் டைவர்கள், 15 நொடிச் சோதனை எல்லாம் சேர்ந்து மூழ்கிச் சாவதைப் போட்டியிலிருந்து ஏறக்குறைய ஒழித்துவிட்டன. நுரையீரல் காயங்களை அந்த எண் எண்ணவே இல்லை.

மரணத்துக்குப் பிறகு பேச்சு மாறியது. இரத்தம் துப்புவதைப் பெருமையாகவோ அலட்சியமாகவோ சொல்வது குறைந்தது. பெரிய ஆழப் போட்டிகளில் டைவ் முடிந்தவரின் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்ப்பதும், மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பதும், ஸ்க்வீஸ் அறிகுறி உள்ளவரை மருத்துவர் சரி சொல்லும்வரை நிறுத்தி வைப்பதும் நடைமுறைக்குள் வந்தன. போட்டி மேடையிலேயே நெஞ்சை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. நுரையீரலில் நீர் கசிந்திருந்தால் திரையில் வால்நட்சத்திரம்போல நீண்ட வெள்ளைக் கோடுகள் தெரியும். இருமல்கூட இல்லாதவரிடமும் சில நேரம் அந்தக் கோடுகள் தெரிவதுண்டு.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிகழ்வு. 2014 டிசம்பரில் இதே டீன்ஸ் புளூ ஹோலில் வேறொரு வீரர் துடுப்பில்லாப் பிரிவில் 102 மீட்டர் உலக சாதனைக்கு முயன்றார். ஏறி வரும்போது மேற்பரப்புக்குப் பத்து மீட்டர் வாக்கில் மயங்கினார். சேஃப்டி டைவர்கள் மேலே கொண்டுவந்தார்கள், விழித்துக்கொண்டார். 2016 ஜூலையில் மறுபடி வந்து அதே 102 மீட்டரைச் செய்து காட்டினார். நடுவே ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஓடியிருந்தது. மயக்கத்துக்காக அமைத்த ஏற்பாடு, மயக்கம் மட்டுமே வந்தபோது, எதற்காக அமைத்தார்களோ அதைச் செய்தது.

## மாற்ற வேண்டியவை

பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்குப் பொதுவாகக் கற்பிக்கும் விதி எளிமையானது. மயங்கினால் அன்றைக்கு மறுபடி தண்ணீர் கிடையாது. தண்ணீருக்கு அடியில் மயங்கியிருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரத்தம் வந்தால் வாரக்கணக்கில் ஓய்வு. போட்டியில் இதே விதிகளுக்கு எதிராக இழுப்பவை நிறைய. விமானச் செலவு, ஆண்டுக்கு ஒருமுறை வரும் வாய்ப்பு, தேசிய சாதனை, பக்கத்து மேசையில் சாப்பிடும் போட்டியாளர். ஓய்வு எடுக்கலாமா என்று வீரரிடமே கேட்டால் பதில் என்ன வரும் என்று தெரிந்ததுதான்.

அதனால் முதல் மாற்றம், இறங்கலாமா என்ற முடிவு வீரரிடமிருந்து மருத்துவருக்குப் போக வேண்டும். ஆலோசனையாக இருந்தால் போதாது, மருத்துவர் இல்லை என்றால் அடுத்த நாள் பட்டியலில் பெயரே வரக் கூடாது. இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட: தடை வரும் என்று தெரிந்தால் வீரர்கள் இரத்தத்தை விழுங்கி மறைப்பார்கள். மறைக்கத்தான் செய்வார்கள். அதனால்தான் சொல்லும் வார்த்தையை நம்பாத கருவிகள் தேவைப்படுகின்றன. மயக்கத்தில் நாம் ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறோம். நன்றாக இருக்கிறேன் என்று வீரர் நினைப்பதை நடுவர் ஏற்பதில்லை, செய்து காட்டச் சொல்கிறார்.

இரண்டாவது, பாதியில் திரும்பிய டைவையும் முழு டைவாகவே பரிசோதனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். வெற்றி பெற்று வெள்ளை அட்டை வாங்கியவரை எல்லோரும் சூழ்ந்துகொள்கிறார்கள். தோற்றுக் கோபத்தில் தனியே ஒதுங்கி உட்கார்ந்திருப்பவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

68 மீட்டரில் நடந்ததைப் பற்றி எனக்கே தெளிவான முடிவு இல்லை. திரும்பியவர் மறுபடி இறங்கினால் அந்த டைவ் செல்லாது என்று விதி வைத்தால், தட்டைத் தொட்டே தீர வேண்டும் என்ற இழுப்பு குறையும். ஆனால் காதுக்காக நிமிர்ந்ததையும் திரும்பியதையும் சோனார் திரையில் பிரித்துச் சொல்வது கடினம். தவறாகத் தண்டிக்கப்படுவோம் என்று பயந்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போகிறவர்களும் உருவாகலாம். அதைவிட, ஆழத்தில் நின்று மறுபடி இறங்கியவர் எவரானாலும், என்ன அட்டை வாங்கினாலும், மேலே வந்தவுடன் மருத்துவரிடம் போக வேண்டும் என்று வைப்பது நடக்கக்கூடிய காரியம்.

கடைசியாக ஒரு சின்ன நடைமுறை விஷயம். குளிர்ந்த ஈர விரலில் ஆக்சிமீட்டர் தப்பான எண்ணைக் காட்டும், ஆழத்திலிருந்து இப்போதுதான் வந்தவரின் அளவு எப்படியும் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே துடைத்து, போர்த்தி, சில நிமிடம் உட்கார வைத்து அளக்க வேண்டும். அந்தச் சில நிமிடத்துக்குள் வீரர் எழுந்து கரைக்கு நடந்துவிடாமல் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். மேடையில் ஆட்களைப் பங்கிடும்போது கயிற்றுக்கும் சோனாருக்கும் ஆள் போட்டது போக மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்று விட்டுவிடக்கூடிய வேலை அது. அந்த ஆளின் பெயரை முதலிலேயே எழுதிவிட வேண்டும்.